விட்டுப்போன பதினாறு பக்கங்கள்

மாதவி அந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தது மழைக்கு ஒதுங்கத்தான். தோழியின் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வளையல் வாங்கலாம் என்று சனிக்கிழமை மதியம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தாள். வயது பத்தொன்பது. பெட்டாலிங் ஜெயாவில் கணக்கியல் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்த்தாளை எழுதிக் கொடுத்ததோடு தமிழ்ப் புத்தகங்களுக்கும் அவளுக்கும் ஒட்டு உறவு அறுந்துபோயிருந்தது. தமிழில் இருப்பதெல்லாம் ஒன்று மிருகங்கள் பேசும் குழந்தைக் கதை, இல்லையென்றால் மாமியார் மருமகள் சண்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தன்னைப்போன்ற ஆளுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று எப்போதோ தீர்மானித்துவிட்டாள்.

மழை விடுவதாக இல்லை. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. கைக்கு எட்டிய ஒரு நாவலை எடுத்துப் புரட்டினாள். 'நண்டுத் தீவில் நால்வர்' என்று அட்டையில் போட்டிருந்தது.

'படகில் போகும்போது நாங்கள் நாலு பேர். திரும்பும்போது மூணு பேர்தான் இருந்தோம்' என்று கதை தொடங்கியது.

அடுத்த வரியிலேயே ஒருத்தி, "அலாமாக், எங்கலா அவ?" என்று கத்தினாள்.

மாதவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலாய் கலந்த இந்தத் தமிழ் அவள் வீட்டுப் பேச்சு, அவள் வகுப்புப் பேச்சு. இதைப் புத்தகத்தில் அச்சடிப்பார்கள் என்றே அவளுக்குத் தெரியாது.

"ஏம்மா, மழை விட்டு ரொம்ப நேரமாச்சே" என்று கடைக்காரர் பழனியப்பன் சொன்னபோது அவள் இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் இருந்தாள்.

"இது எனக்கு வேணும் அங்கிள்."

"எடுத்துக்கோ. கடைசிக் காப்பி அது."

வளையல் அடியோடு மறந்துபோனது. கொமுட்டர் ரயிலில் படித்துக்கொண்டே வந்தவள் இறங்க வேண்டிய செத்தியா ஜெயாவைக் கோட்டைவிட்டு ஷா ஆலாமில்தான் தலை நிமிர்ந்தாள். எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வரும்போதும் படித்தாள்.

மறுநாள் காலை, சுங்கை வேயில் இருந்த அவள் வீட்டின் அடுக்களை மேசையில் நாசி லெமாக் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கதையில், தொலைந்த தோழியைத் தேடிக்கொண்டு கயல் என்ற பெண் பாழடைந்த மீன் கொட்டகைக்குள் போகிறாள். மூலையில் பெரிய ஐஸ் பெட்டி. உள்ளே ஏதோ உறுமுகிறது. மூடியைத் தூக்குகிறாள். உள்ளே...

மாதவியின் கண் எதிர்ப்பக்கத்துக்குத் தாவியது. 'அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று போலீஸ்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.'

எந்தப் போலீஸ்காரர்? அவர் ஏன் அழுகிறார்? பக்க எண்ணைப் பார்த்தாள். நூற்று அறுபதுக்கு அடுத்து நூற்று எழுபத்தேழு. நடுவில் பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே தைத்து அனுப்பியிருந்தார்கள். இன்னொரு வரி கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டுக் கடைக்கு ஃபோன் போட்டாள்.

"ஐயோ, அச்சகத்துத் தப்பும்மா. கொண்டு வா, காசைத் திருப்பித் தந்துடறேன்" என்றார் பழனியப்பன்.

"காசு வேணாம் அங்கிள், அந்தப் பக்கம்தான் வேணும்! வேற யார்கிட்டயாவது இருக்குமா?"

அவர் சிரித்தார். கிள்ளானில் ரமணி என்று ஒரு பெண் போன வாரம் ஒன்று வாங்கிப் போனதாகச் சொன்னார். அவளைக் கேட்டுவிட்டு எண்ணையும் அனுப்பி வைத்தார்.

ரமணி எடுத்த எடுப்பிலேயே, "கதையைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத!" என்றாள். "நான் இன்னும் நூத்தி இருபதுலதான் இருக்கேன்."

"பேசல அக்கா. அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் படம் புடிச்சு அனுப்புங்க, போதும்."

"படம் புடிக்கணும்னா நான் அதைப் பார்க்கணும்ல? ஒரு வரி கண்ணுல பட்டாலும் போச்சு. மாட்டேன்லா."

"அப்ப நான் நேர்ல வரேன். நீங்க கண்ணை மூடிக்குங்க."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "வா. ஒரு மணிக்கு எனக்கு பிரேக்."

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ரமணி வேலை பார்க்கும் சேலைக் கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரமணி மாதவியைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நெற்றியில் சின்னப் பொட்டு, கழுத்தில் கடை அடையாள அட்டை. மாதவியின் ரயில் வந்து சேர்வதற்குள் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"கொஞ்சந்தான் பாக்கி. இரு, நானும் வந்துடறேன். சேர்ந்தே படிப்போம்."

மாதவி ரொட்டி சானாயைப் பிய்த்தபடி ரமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் ஏறியது. சரி, படகுத்துறையில் ஒற்றைச் செருப்பு கிடைத்துவிட்டது. கை வாயைப் பொத்தியது. கொட்டகை வந்துவிட்டது!

"அக்கா, கதவைத் தொறந்துட்டாளா?"

"வாயை மூடு!"

நூற்று அறுபது. ரமணி நாற்காலியை இழுத்து மாதவியின் பக்கம் போட்டுக்கொண்டாள். தலையோடு தலை முட்ட இருவரும் குனிந்தார்கள். கண்கள் எதிர்ப்பக்கத்துக்குத் தாவின.

ஐஸ் பெட்டிக்குள் தோழி இல்லை. அவளுடைய கைப்பேசி ஐஸ்மீது அதிர்ந்துகொண்டிருந்தது. அழைப்பது 'கயல்' என்று திரை காட்டியது. பெட்டியைத் திறந்துகொண்டு நிற்பவளே கயல்தான்.

இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். தே தாரேக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "ஒண்ணுமில்ல அண்ணே, புக்கு, புக்கு" என்று ரமணி கையை ஆட்டினாள்.

"கயல் ஃபோன்தான் படகுலயே காணாமப் போச்சே!" என்றாள் மாதவி.

"அப்ப எடுத்தவன் இப்ப கூப்புடறான்! திருப்பு, திருப்பு!"

"இருங்க அக்கா, நான் மெதுவாத்தான் படிப்பேன்."

"வாய்விட்டுப் படி, அப்ப."

மாதவி வாய்விட்டே படித்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படித்தபோதெல்லாம் திக்கிய நாக்கு இப்போது நிற்காமல் ஓடியது. அந்தப் பதினாறில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி, 'பயந்துபோனேன்' என்றார். ரமணியின் பிரேக்கும் முடிந்தது.

"இப்பவா? இந்த இடத்துலயா?" என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீ முதல்ல முடிச்சுடுவ. முடிச்சா எனக்கு மெசேஜ்கூட போடக் கூடாது. சிரிக்கிற பொம்மைகூட வேணாம்."

"அழற பொம்மை?"

"அதுவும் வேணாம்!"

மாதவி ரயிலிலேயே முடித்துவிட்டாள். போலீஸ்காரர் அழுத இடத்தில் அவளும் அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்மணி ஒரு டிஷ்யூவை நீட்டினார். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் சொல்லக் கூடாது. இப்படி ஒரு அவஸ்தையை எந்தக் கதையும் அவளுக்குத் தந்ததில்லை.

திங்கட்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது ரமணி கூப்பிட்டாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"அந்தப் போலீஸ்காரர், தொலைஞ்ச பொண்ணோட அப்பாவா!"

"ஆமா அக்கா!"

கல்லூரி வாசல் வரைக்கும் பேசினார்கள். பேசித் தீராமல் வாசலில் நின்றும் பேசினார்கள். சனிக்கிழமை இறங்க மறந்து ஷா ஆலாம் வரை போனதையும் மாதவி சொன்னாள். கடைசியில் மாதவி கேட்டாள், "இது மாதிரி வேற இருக்கா?"

"என் வீட்டுல ரெண்டு இருக்கு. ஒண்ணு கம்போங் மேடான் ஃபுட்சால் டீமைப் பத்தி. கோல்கீப்பர் பொண்ணுதான் கதை சொல்றா."

"நல்லா இருக்குமா?"

"அதைப் படிச்சுக்கிட்டு குழம்பை அடுப்புல கருக விட்டேன்."

"அப்ப கொடுங்க அக்கா. சாயந்திரம் வகுப்பு முடிஞ்சதும் வரேன்."

"பக்கமெல்லாம் சரியா இருக்கு, எண்ணிப் பார்த்துட்டேன்" என்று சிரித்தாள் ரமணி. "நீ மட்டும் எறங்குற இடத்தைப் பார்த்து எறங்கு."