அபூதாஹிர் நானாவின் நிற்காத சில்லு

1964 மாசி மாதம் துறைமுக வேலைத்தளத்தில் இயந்திரம் பூட்டும் பிற்றர் அபூதாஹிர் நானா, வேலையை விடுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். நான் கப்பலில் ஏறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணும் கிளாக்கர். பின்னேர வகுப்புக்குப் போகிறவன் என்பதால் எனக்கு ஆங்கிலமும் விஞ்ஞானமும் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். விஞ்ஞானத்தில் எனக்கு நாற்பத்தொரு புள்ளி.

"ஏன் நானா வேலையை விடுறீங்கள்?"

"சில்லு ஓடத் தொடங்கிட்டுது தம்பி. இண்டைக்கு ஒம்பதாம் நாள். நிக்கேல்ல."

அவர் வீட்டில், மண்டபத்திலிருந்து குசினிக்குப் போகும் வழியில், கட்டையான ஒரு தாங்கியில் அந்தச் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. டயர் இல்லாத சைக்கிள் சில்லு. வளையத்தைச் சுற்றி வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு. எண்ணெய் வேண்டாம், மாடு வேண்டாம், தானாகவே சுற்றும் என்றார். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்து வைத்து, திங்கட்கிழமை கந்தோரில் கொடுக்கச் சொல்லி என் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

அன்று வகுப்பில் சிவகுருநாதன் மாஸ்டரிடம் கேட்டேன். "அதுக்கு லத்தீனில பெர்பெத்துவம் மோபிலே எண்டு பேர். எப்பவும் அசைஞ்சுகொண்டிருக்கிறது. பேர் மட்டும்தான் இருக்கு," என்றார். நானாவிடம் முதலிரண்டு வசனங்களைச் சொன்னேன். மூன்றாவதை விட்டுவிட்டேன்.

"லத்தீன் எந்த நாட்டுப் பாஷை?"

"இப்ப ஒரு நாட்டிலயும் கதைக்கிறதில்லை நானா."

"அப்ப இந்தச் சில்லை விக்க நான் ஆருக்குக் கடிதம் போடுறது? கப்பல்காரரிட்டக் கேளுங்க, அவங்கட ஊரில இதுக்கு என்ன பேரெண்டு."

கொப்பியில் மூன்று நிரல் கீறிக்கொண்டு கப்பல் கப்பலாகக் கேட்டேன். ஜெர்மன்காரர் அந்த லத்தீனையே சொன்னார். தன் கடைசி மகளும் அதுதான் என்றார், ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாளாம். ஒல்லாந்துக்காரரும் அதே லத்தீன். ஆங்கிலேயர் 'பெர்பெச்சுவல் மோஷன்' என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிரெஞ்சுக்காரர் 'மூவ்மான் பெர்பெத்துவெல்' என்றார். கிரேக்கர் தங்கள் சொல் லத்தீனைவிடப் பழசு என்று சண்டைக்கு வந்து 'அயிகீனிதோ' என்று எழுதித் தந்தார். இத்தாலியர் 'மோத்தோ பெர்பெத்துவோ' என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரில் சங்கீதமும் உண்டு என்று மூச்சுவிடாமல் விசிலடித்துக் காட்டினார். விசிலை எந்த நிரலில் எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியாது.

கடைசியாக ஒரு போலந்து இஞ்சினியர். அவருக்கும் லத்தீன்தான். ஆனால் சிரித்துவிட்டு, "இப்படி ஒன்றைக் கண்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்," என்றார்.

நானா கொப்பியைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஏழு நாடு! இல்லாத சாமானுக்கு ஏழு நாட்டுக்காரன் பேர் வைப்பானா தம்பி?"

"பேய்க்கும் பேர் இருக்குத்தானே நானா?"

"பேய் இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சில்லுக்கு முன்னால் கதிரை போட்டு, மணிக்கூட்டோடு உட்கார்ந்தேன். நானா லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். பதினொரு நிமிடத்தில் சில்லு தளர்ந்தது. அவர் மனைவி றுக்கியா ராத்தா மீன்சட்டியோடு குசினியிலிருந்து வந்தார். சில்லைப் பார்க்கவுமில்லை. போகிற போக்கில் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். சில்லு சுறுசுறுப்பாகச் சுற்றியது. அடுத்த பதினொரு நிமிடத்தில் திரும்பி வரும்போது இன்னொரு தட்டு. அப்போதுதான் என் பென்சிலைக் கண்டார்.

"எழுதுறீங்களா?"

"ஓம் ராத்தா."

"எழுதாதீங்க. இது நிண்டா மனிசன் சோறு தின்னமாட்டார். போன மாசம் நிண்டதுக்கு மூண்டு நாள் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்தவர். விடியச் சுபஹுக்கு எழும்பின உடனேயே நான்தான் தட்டிவிடுறன்."

என் சட்டைப்பையில் கடிதம் கனத்தது. சொல்வது என் வேலையா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"வேலையை விடப்போறாரா?" சட்டியை இறக்கி வைத்தார். "அப்ப இந்தக் கால்தான் இனிக் குடும்பத்தை ஓட்டுறதோ?"

கையைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தார். "தோணியேறிக் குறிஞ்சாக்கேணியில தங்கச்சி வீட்ட போறன். சோறு மூடிக் கிடக்கெண்டு சொல்லுங்க."

போய்விட்டார். சில்லு தளர்ந்தது. ஒரு தரம் என் கால் தானாக நீண்டது, இழுத்துக்கொண்டேன். ஈயக்குண்டுகள் கடைசியாக ஒருமுறை ஆடி நின்றன.

நானா வந்து பார்த்தார்.

"எங்க அவள்?"

பொய்க்கு ஒத்திகை வேண்டும். அதற்கு எனக்கு நேரம் இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பாமல் தன் கையால் சில்லைச் சுழற்றி, என் மணிக்கூட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு நிமிடம்.

சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று பயந்தேன். அவரோ குசினிக்குப் போய், நின்றபடியே முழுச் சோற்றையும் தின்றார்.

"அந்தக் கடிதத்தைத் தாங்க." வாங்கி நாலாகக் கிழித்தார். "ஒரு நாளைக்கு எத்தினை தரம் தட்டியிருப்பாள்?"

சுபஹிலிருந்து அவர் படுக்கும்வரை பதினாறு மணித்தியாலம் என்று வைத்து வகுத்தேன். "எண்பத்தேழு வருது நானா. என்ர கணக்குப் பிழைக்கவும் கூடும்."

"எண்பத்தேழு," என்றார். செருப்பைத் தேடி மாட்டினார்.

"நாளைக்கு எனக்கு ஒரு லீவுக் கடிதம் எழுதுங்க."

"காரணம் என்னெண்டு போட?"

"குறிஞ்சாக்கேணி எண்டு மட்டும் போடுங்க. அங்க அவளை என்ன சொல்லிக் கூப்பிடுறதெண்டு நான் தோணியில யோசிக்கிறன்."

துறையடிப் பக்கம் வேகமாக நடந்தார். மேசையில் காகிதத்தை வைத்து நான் லீவுக் கடிதம் எழுதத் தொடங்கினேன். ஒரு நாள் போதுமா என்று கேட்க மறந்துவிட்டேன். யோசித்துப் பார்த்து, இரண்டு நாள் என்று எழுதினேன்.