கூப்பிடாத சனிக்கிழமைகள்

மூன்று மணி வாக்கில் தூலா சௌனா அடுப்பில் இரண்டாம் தடவையாக விறகு வைத்தாள். ஏரியில் பனிக்கட்டி உடைந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கரையோரம் இன்னும் குழைந்த சோறு மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. சௌனா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீரை ஒட்டி ஒரு மரக்கொட்டகை, உள்ளே இரும்பு அடுப்பு, அடுப்பின்மேல் குவித்த கருங்கற்கள், சுவரோரம் மேலும் கீழுமாக இரண்டு பலகைகள். கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரை வாரி ஊற்றினால் குப்பென்று ஆவி எழும். அதில் உட்கார்ந்து வேர்த்து வழிந்துவிட்டு ஏரியில் போய் விழ வேண்டும். பின்லாந்திலிருந்து வந்த தூலாவின் அப்பா, வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்பே இதைக் கட்டி முடித்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இன்று அவள் ஒருத்திக்காகத்தான் இத்தனை விறகும். ஒருத்திக்கு இது அதிகம் என்று தெரிந்தும் குறைக்க மனசு வரவில்லை.

அந்தக் குடும்பத்தில் சௌனாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. புகைபோக்கியில் புகை தெரிந்தால் அதுதான் அழைப்பு. வருகிறவர்கள் வரலாம், வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்பது, அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பது மாதிரி அநாகரிகம். தூலா அப்படித்தான் வளர்ந்தாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவள் புருஷன் டக் வேறு ரகம். சரக்கு ரயில் ஓட்டுகிறவன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை உள்ளே வந்து மூன்று நிமிஷத்தில் வெளியே ஓடினான். "வேகறதுக்கு நான் என்ன உருளைக்கிழங்கா?" என்று அன்றைக்குக் கேட்டதை இருபது வருஷமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆகவே சௌனா அம்மாவுக்கும் மகளுக்குமான இடம் என்று ஆகிப்போனது.

மகள் வென்லா மூன்று வயதிலேயே அங்கே உட்கார ஆரம்பித்தவள். வெளியே அந்தப் பிள்ளையை வைத்துச் சமாளிப்பதற்குள் தூலாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். காலுறையின் தையல் உறுத்துகிறது என்று ஒரு மணி நேரம் அழுகை. கடையில் விளக்குகள் இரைகின்றன என்று தரையில் உருண்டு புரளும். விளக்கு எங்கேயாவது இரையுமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் முகத்தைச் சுளிப்பார்கள். சௌனாவுக்குள் வந்துவிட்டால் அதே பிள்ளை கீழ்ப்பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அடங்கி உட்கார்ந்துவிடும். அடங்கி என்றால் வாய் அடங்கி அல்ல. கல்லுக்கு ஏன் தீப்பிடிக்கவில்லை, ஆவிக்கு எடை உண்டா, மீனுக்கு வேர்க்குமா என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் இருபது தடவை ஏரிக்கு ஓடுவாள், இருபது தடவை திரும்பி வருவாள். "நான் ரயில்ல போற தூரத்தைவிட இவ அதிகம் ஓடறாளே," என்பான் டக். அந்தச் சனிக்கிழமைகளில் தூலா எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. இப்போது தெரிகிறது. நெஞ்சு வலிக்கிற அளவுக்குத் தெரிகிறது.

பதினைந்து வயதில், ஒரு செப்டம்பரில், வென்லா வருவதை நிறுத்தினாள். வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்ததும் அப்போதுதான். தூலா இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், கூச்சம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, கூட இரண்டு தோழிகள். சின்ன வயதின் அமர்க்களமெல்லாம் எங்கே போயிற்று என்று வியந்தாள், உள்ளூரச் சந்தோஷப்படக்கூடச் செய்தாள். ஒருநாள் டக் தான் கேட்டான், "ஏன் அவ இப்பல்லாம் உன்கூட வர்றதில்ல?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது டக். எங்க வீட்டுல கேக்க மாட்டோம்."

மரியாதை என்று நினைத்துத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பதினான்கு மாதம் அப்படியே இருந்தாள். அடுத்த நவம்பரில், உடற்பயிற்சி வகுப்பில் மயங்கி விழுந்த வென்லாவின் சட்டைக் கையை மடித்துவிட்ட பள்ளி நர்ஸ், வீட்டுக்குப் போன் செய்தாள்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி, பிறகு வேறொரு ஆஸ்பத்திரி, பிறகு நீண்ட கேள்வித்தாள்கள். ஆட்டிசம் என்றார்கள், கூடவே கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்றார்கள். பிறந்ததிலிருந்தே இருந்தது, பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடித்து மறைத்துவிடுவார்கள், அந்த நடிப்பிலேயே ஓய்ந்துபோவார்கள் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். தூலாவால் எதையும் காதில் வாங்க முடியவில்லை. அங்கேயே, மகள் கட்டில் பக்கத்திலேயே, அடக்க முடியாமல் விம்மி விம்மி அழுதாள். வென்லா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கோபமில்லாமல், மணி என்ன என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "அம்மா, நீ அழுதா உன்னையும் நான் பாத்துக்கணும். என்னால ரெண்டு பேரைப் பாத்துக்க முடியாது."

அன்றிலிருந்து மகள் எதிரில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழ வேண்டுமென்றால் விறகுக் கொட்டகைக்குப் போவாள். வென்லாவை வியாழன்தோறும் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனாள், மாத்திரைகளையும் வேறு சிலவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், சொன்னதையெல்லாம் செய்தாள். ஆனால் மகள் அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிட்டாச்சா, ஆச்சு. தூங்கினியா, ம். நடு ராத்திரியில் மறுபடி அப்படித் தோன்றினால் இவள் யாரிடம் போய் நிற்பாள்? அந்தக் கேள்வியோடுதான் தூலா தினமும் எழுந்தாள். அம்மாவிடம் வருவாளா? வர மாட்டாள் என்ற பயம்தான் பதிலாக இருந்தது.

கல் காய்ந்துவிட்டது. தூலா வாளியில் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தாள். கதவு திறந்தது.

வென்லா நின்றுகொண்டிருந்தாள். பழைய நீச்சலுடை, அதன்மேல் முழங்கால்வரை தொங்கும் டக்கின் கம்பளிச் சட்டை. அவள் உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"எவ்ளோ சூடு?"

"எழுபத்தஞ்சு இருக்கும்."

"நான் வரேன். ஆனா பாக்காத." கொஞ்சம் யோசித்தாள். "பாக்காத மாதிரி நடிக்கவும் செய்யாத. நீ பாக்காம இருக்கறது எனக்குச் சத்தமா கேக்கும்."

இதற்கு என்ன செய்வது என்று தூலாவுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் தலையாட்டி வைத்தாள். வென்லா கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கீழ்ப்பலகையில் உட்கார்ந்தாள். தூலா பார்த்தாள். முறைக்காமல், திருப்பிக்கொள்ளாமல், ஒரு மனுஷியின் கையை இன்னொரு மனுஷி பார்க்கிற மாதிரி பார்த்தாள். தழும்புகள் வெளுத்திருந்தன. நான் பெற்ற கை என்று நினைத்தாள். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது, வாயில் வந்தது ஒன்றுதான்.

"சூடு பட்டா எரியுதா?"

வென்லா கையைத் திருப்பிப் பார்த்தாள். "இல்ல. கொஞ்சம் அரிக்குது. அவ்ளோதான்." பிறகு, "இதை யாரும் கேட்டதில்ல. எல்லாரும் ஏன், ஏன்னுதான் கேப்பாங்க."

தூலா ஒரு கரண்டி தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றினாள். ஆவி எழுந்து கூரையைத் தொட்டு மெல்ல இறங்கியது. வீட்டில் மகளுக்கு வராத பேச்சு அந்த இருட்டில் வந்தது. பள்ளிக்கூட வராந்தாவின் இரைச்சல், எந்தச் சிரிப்புக்குச் சிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுவது, வீட்டுக்கு வரும்போது தலைக்குள் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவது. "அது பண்ணா நிக்கும்னு நினைச்சேன். நிக்காது. மறுநாள் இன்னும் சத்தமா இருக்கும், அதோட ஒரு பொய்யும் சேந்துக்கும்." சொல்லிவிட்டு, குரல் மாறாமலே, "செவ்வாக்கிழமை மறுபடி தோணுச்சு," என்றாள்.

தூலா கையிலிருந்த கரண்டியை வாளியில் போட்டாள்.

"என்ன பண்ணின?"

"அப்பாகிட்ட சொன்னேன். வண்டில ஏத்திட்டுப் போனாரு. லெவல் கிராசிங்ல நின்னு ரயில் பெட்டி எண்ணினோம். நூத்து நாப்பத்தி மூணு. அப்புறம் பொரிச்ச உருளைக்கிழங்கு வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் ஆலோசகருக்குப் போன் போட்டோம்."

தூலாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் வால் பிடித்துக்கொண்டு பொறாமை வந்தது. மூன்று நிமிஷம் உட்கார முடியாத மனுஷனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவன் என்னிடம் மூச்சு விடவில்லை. அந்தப் பொறாமை அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்டுவிட்டாள். கேட்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கேள்வி.

"நீ அழுவ."

"ஆமா, அழுவேன்." தூலாவுக்கு நடித்து அலுத்துப் போயிருந்தது. "ஆறு மாசமா விறகுக் கொட்டகைலதான் அழுதுட்டிருக்கேன்."

"தெரியும். கேக்கும்."

பிறகு வென்லா திரும்பாமலே கேட்டாள், "அழுதுட்டு என்ன பண்ணுவ?"

தூலா நிஜமாகவே யோசித்தாள். இந்தப் பெண்ணிடம் ஒப்புக்குச் சொல்லித் தப்ப முடியாது. "அழுதுட்டே வண்டிய எடுப்பேன்."

"அழுதுட்டே ஓட்டினா பள்ளத்துல விட்டுருவ."

"அப்ப வாசல்லயே வண்டிக்குள்ள உக்காந்துக்கலாம். நான் அழுறத நீ பாத்துக்க வேணாம். அது என் பாடு, நான் பாத்துக்கறேன். நீ பக்கத்துல இருந்தா போதும்."

வென்லா அதைக் கணக்குப் போடுவது தெரிந்தது. சின்னதாகச் சிரித்தாள், யாரைப் பார்த்தும் பழகாத சிரிப்பு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. "யோசிக்கறேன்," என்றாள். அவள் யோசிக்கிறேன் என்றால் யோசிப்பாள்.

பிறகு எழுந்து மேல்பலகைக்கு ஏறி, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"முதுகுல கைய வை. தடவாத, தடவினா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அழுத்து."

பதினாறு வருஷம் இந்த முதுகைத் தூலா தடவித் தடவித்தான் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறாள். இரண்டு உள்ளங்கையையும் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள்.

"இன்னும்."

அழுத்தினாள்.

"இன்னும் அம்மா. பயப்படாத."

வென்லா கால்களைத் தூக்கிக்கொண்டாள். உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்தக் கைகளில் சாய்த்தாள். கனமாக இருந்தாள், வளர்ந்த பெண்ணல்லவா. வேர்வையில் பலகை வழுக்கியது. தூலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை. பின்சுவரில் ஒரு பாதத்தை ஊன்றி, முழங்கைகள் நடுங்க, சறுக்கிவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தாள்.