புளுகுத் தூண்டில்

கதிர்காமநாதனுக்கு வாய் பொல்லாத வாய். இன்றைக்கு அந்த வாயை வெட்டி எறியலாம் போலிருந்தது அவருக்கு.

மகன் கிஷாந்த் செத்து இன்று எட்டாம் நாள், எட்டுச்செலவு. டெங்கு என்று படுத்த பிள்ளை, இருபத்தாறு வயசு, எழும்பவேயில்லை. செத்தவருக்குப் பிடித்த மீனையோ இறைச்சியையோ சமைத்துப் பின்னேரம் படைக்க வேண்டும். கிஷாந்துக்குப் பாரை மீன் என்றால் உயிர். வெள்ளவத்தைச் சந்தையில் பாரைக்கு என்ன பஞ்சம்? மனுஷன் கேட்டால்தானே! விடிந்ததும் விடியாததுமாக மகனுடைய தூண்டிலையும் பையையும் தூக்கிக்கொண்டு, ரெயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கற்களில் வந்து நின்றார். அவனுடைய தூண்டிலில் ஒரு மீன் பட வேண்டும், அதை அவனுக்கே படைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அதுவும் ஒரு தூண்டிலா? ஈர்க்குப் போல ஒல்லி, மயிரிழை நூல், நுனியில் சுண்டுவிரல் நகமளவு ஈய மீன். ஜிக் என்பான் கிஷாந்த். ஞாயிறு தவறாமல் போவான், வெறுங்கையோடு வருவான்.

"நல்ல பாரை ஒண்டு பட்டது அப்பா. விட்டிட்டன்."

"மூண்டு நேரமும் மீன் கேக்கிறவன் பிடிச்ச மீனை விடுவானோ? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லடா. போட்டோ எங்க?"

"போட்டோ எடுக்கிறதுக்குள்ள அதுக்கு மூச்சு முட்டிப்போகும் அப்பா."

தாய் யோகேஸ்வரி மட்டும் குசினிக்குள் இருந்து, "எவ்வளவு பெரிசு தம்பி?" என்று கேட்பாள். அவன் கைகளை விரித்து அளந்து காட்டுவான். கதிர்காமநாதன் விழுந்து விழுந்து சிரிப்பார். புளுகுத் தூண்டில் என்று பேர் வைத்து, வந்துபோகிற சொந்தக்காரரிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார், பாவி மனுஷன்.

கல்லில் நின்று பலத்தைக் கூட்டி வீசினார். பாரமில்லாத ஜிக் காற்றில் திரும்பிக் காலடியிலேயே விழுந்தது. மகன் பல்கனியில் நின்று வீசிப் பழகும்போது தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும் சுண்டும். அதுபோலச் சுண்டினார். இப்போது போய் விழுந்தது. தாழ விட்டு, மெல்ல மெல்லத் துடிக்க வைத்துச் சுற்றினார். மறுபடியும் சுண்டினார். வெயில் ஏறிக் கழுத்து எரியத் தொடங்கிய நேரம் ஈர்க்குத் தூண்டில் வளைந்தது.

நூல் அறுந்துவிடாமல் அது ஓட ஓட விட்டுக்கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடிக் கரைக்கு எடுத்தார். ஒரு சாணுக்கு மேல் பாரை!

"தம்பி, கிடைச்சிட்டுதடா!" என்று கத்தினார்.

கொக்கியைக் கழற்றக் கை வைத்ததும் அது தானாகவே வந்துவிட்டது. இதென்ன கூத்து? பட்ட மீன் நழுவாமல் இருக்க, கொக்கி நுனியில் பின்பக்கம் பார்த்தபடி குட்டி முள் ஒன்று இருக்குமே! தடவிப் பார்த்தார். நசுக்கித் தட்டையாக்கியிருந்தது. மீனைக் கல்லிடுக்கில் தேங்கிய தண்ணீரில் விட்டுவிட்டு மகனின் பையைத் திறந்தார். அத்தனை ஜிக்கிலும் அந்த முள்ளை நசுக்கி வைத்திருந்தான். அருகில் வீட்டில் காணாமல் போன குறடு. அதற்கும் அவனை ஏசியிருந்தார்.

விடப்போகிற மீனுக்கு நோகக் கூடாது என்றுதானே இவ்வளவு மினக்கேடு! பிள்ளை ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

"ஐயோ, என்ர ராசா," என்று கல்லில் குந்தி அழுதார். அவன் பார்த்துப் பார்த்து விட்டதை அவனுக்கே கறியாக்கிப் படைப்பதா? இரு கையாலும் அள்ளிக் கடலில் விட்டார்.

வீடு நிறையச் சொந்தக்காரர். யோகேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தான் மீன்?" என்றார் அவளுடைய தம்பி.

"பட்டது. விட்டிட்டன்."

ஆளை ஆள் பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. யோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தாள்.

"எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள்.

கதிர்காமநாதன் கைகளை விரித்து அளந்து காட்டினார். காட்டிய கைகளை மடக்க மறந்து, அப்படியே நின்று அழுதார்.