ஐந்தேகால் மணிப் பேச்சு

மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குக் கரடி ஒன்றும் அதிசயமில்லை. இலந்தை பழுத்தால் வரும், புற்றில் ஈசல் கிளம்பினால் வரும், விடிவதற்குள் மலைக்குத் திரும்பிவிடும். மயில் விதைக்கடலையைக் கிளறும், முயல் கொழுந்தைக் கடிக்கும், காட்டுப்பன்றி செடியோடு பிடுங்கிப் போடும். இத்தனை பேரும் தின்றது போக மீதிதான் காட்டுக்காரனுக்கு. அதற்காக ஊரைக் காலிசெய்துகொண்டு போய்விட முடியுமா?

உடுமலைக்குத் தெற்கே அப்படியொரு கடலைக்காட்டின் நடுவில் தனியாக இருந்தது மருதாளின் வீடு. அவளும் அவள் புருஷன் கன்னையனும் மட்டும்தான். ஒரே மகள் கீதாஞ்சலியைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. கன்னையன் காட்டைப் பார்த்துக்கொண்டார். மருதாள் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வந்த பனியனை விளக்குக்கு நேரே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை.

நாற்பது வயதுக்குமேல்தான் அந்த வேலையில் சேர்ந்தாள். ஆறு வருஷமாயிற்று. அவள் பேச்சுக்கு முதன்முதலாக மதிப்பு கிடைத்தது அங்கேதான். அவள் 'ஆகாது' என்று எடுத்து வைத்துவிட்டால் அந்தப் பீஸ் வெளியே போகாது. சூப்பர்வைசரே வந்து நின்றாலும் போகாது. வீட்டில் அவள் சொல்லி ஒரு முளைக்குச்சி இடம் மாறியது கிடையாது. அந்த வேலை இல்லாவிட்டால் உயிரோடு இருக்கலாம், இருந்து என்ன பிரயோசனம் என்று அவளே சொல்லுவாள்.

கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்கு வாய்க்கால் பாலத்துக்கு வரும். அந்த ஸ்டாப்பில் ஏறுவது அவள் ஒருத்திதான். டிரைவர் ராமர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், நல்ல பையன். ஆனால் ஒருநாள் அவனே கையைப் பிசைந்துகொண்டு சொன்னான்.

"யக்கா, ஒரு ஆளுக்காக வண்டி மெயின் ரோட்ட விட்டு மூணு கிலோமீட்டர் உள்ள போகுதேன்னு ஆபீஸ்ல கேக்குறாய்ங்க. இனி ஒரு நா நீங்க நிக்கலேன்னா இந்த ஸ்டாப்ப எடுத்துருவாய்ங்க. ரெண்டு ஆரன் அடிப்பேன். அதுக்குமேல என்னால நிக்க முடியாதுக்கா."

மெயின் ரோட்டுக்கு அந்த இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடப்பது நடக்கிற காரியமா? ஸ்டாப் போனால் வேலை போயிற்று. மருதாள் அன்றிலிருந்து ஐந்தேகாலுக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்கிவிடுவாள்.

வீட்டிலிருந்து பாலத்துக்கு ஒரு தடம். ஒரு பக்கம் கடலைக்காட்டு வேலி, இன்னொரு பக்கம் உண்ணிமுள் புதர். பாதி வழியில் கருப்பராயன் கோயில். அந்தத் தடத்தில் கரடி குறுக்கே போவதுண்டு. கரடிக்குக் கண் மட்டு, காதும் அப்படித்தான் என்று ஊரில் சொல்லுவார்கள். திடீரென்று எதிரே ஆளைப் பார்த்தால் அது பயந்துபோய் மூஞ்சியைப் பிறாண்டிவிடும். தூரத்திலேயே சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் இருட்டில் போனால் பேசிக்கொண்டே போவார்கள். தனியாகப் போனாலும் பேச வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அங்கே நிசமாகவே நிசம்.

மருதாளுக்குப் பேசுவதற்கு விஷயமா இல்லை? கன்னையன் இருக்கிறாரே! படியிறங்கியதும் ஆரம்பித்தால் பாலம் ஏறும்வரை அவரைப் பற்றித்தான். வீட்டில் சொன்னால் "செரி செரி" என்று துண்டை உதறிக்கொண்டு போகிற மனுஷனை, கரடியிடம் ஆர அமரச் சொல்லுவாள்.

"கேட்டீங்களா சாமி! ஊருக்கெல்லாம் பனியனப் பாத்துப் பாத்து அனுப்பறேன், என்ற ஊட்டு மனுசன் ஓட்டப் பனியனோட திரியறாருங்க! சம்பந்தி ஊட்டுக்கும் அதையே போட்டுக்கிட்டு வாராரு. கரண்டு அஞ்சு மணிக்கே வந்துருதுங்க சாமி. மோட்டாரப் போடலாமில்ல? போட மாட்டாரு. நான் பாலத்துக்குப் போய் வண்டி ஏறுனதுக்கப்பறந்தான் அங்க மோட்டார் சத்தங் கேக்கும். அப்படியொரு சோம்பேறித்தனம். கருமம், ஒரு நாளைக்கு ஒரு வார்த்த நல்லதாப் பேசுனா வாய் வெந்தா போயிரும்?"

கரடி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. புதருக்குள் சரசரவென்று விலகுகிற சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும். ஆறு வருஷத்தில் அவளும் அதுவும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே கிடையாது. அப்படி ஒரு ஒழுங்கு இருந்தது.

அந்த ஒழுங்கைக் கெடுத்தது கன்னையன்தான். அவர் வீட்டுக்கு சர்க்கார் டிவி வந்த வருஷம் அது. வயலும் உழவும் பற்றி எது போட்டாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கடலை காய் பிடிக்கிற நேரம், காட்டுப்பன்றி இரண்டு பாத்தியை உழுதுவிட்டுப் போயிருந்தது. டிவியில் ஒருவர் வந்து, பழைய துணியைக் கயிறாகத் திரித்து, வண்டிக் கழிவு ஆயிலில் மிளகாய்த்தூளைக் குழைத்து அதில் ஊறவைத்து வேலியில் கட்டினால் பன்றி கிட்டே வராது என்று சொன்னார். கன்னையனுக்குத் தலைகால் புரியவில்லை. துணிக்கு என்ன பஞ்சம்? கம்பெனி கேட்டில் சொல்லிவிட்டு மருதாள் கொண்டுவந்த பனியன் வேஸ்ட் இரண்டு மூட்டை கிடந்தது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக உட்கார்ந்து திரித்தார். காட்டைச் சுற்றிக் கட்டுமளவுக்குக் கயிறு வந்துவிட்டது.

கழிவு ஆயிலுக்கு உடுமலைக்குப் போக வேண்டும். அங்கேதான் அவருடைய சோம்பல் வேலையைக் காட்டியது. கருப்பராயனுக்கு விளக்கு வைப்பது கன்னையன் குடும்பத்து முறை. நோம்பிக்கு ஊரார் ஊற்றிக் கொடுத்த நல்லெண்ணெய் ஒரு டின் மீந்து கிடந்தது. அதைத் தூக்கி வந்து அண்டாவில் ஊற்றினார். மிளகாய்த்தூள் கொஞ்ச தூரத்துக்குத்தான் வந்தது. மீதிக் கயிறு வெறும் எண்ணெயில் ஊறியது.

மருதாள் சாயங்காலம் வந்து பார்த்தாள். அவளுக்குப் பகீரென்றது.

"ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? கோயில்ல வெளக்கு வெச்சா மக்யாநா காத்தால அகல் கழுவி வெச்ச மாதிரி இருக்குதே, அது ஆரு நக்குனது? கரடிக்கு எண்ணெயின்னா உசுருன்னு தெரியாதுங்களா?"

"அது கோயில்ல நக்கறது புள்ள. இது பன்னிக்குக் கட்டறது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் நடக்கற தடத்தோரம் கட்டாதீங்க. சொன்னாக் கேளுங்க."

"செரி செரி" என்றார் கன்னையன். துண்டை உதறிக்கொண்டு போய்த் தடத்தோரமும் கட்டினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் கோயில் தாண்டி ஒரு பாகம் கயிறு சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல் நார்நாராகக் கிடந்தது. டார்ச்சை அடித்தாள். கயிற்றில் எச்சில் இன்னும் ஈரமாக இருந்தது. பெரும்பாலும் நாலரைக்கே மலையேறிவிடுகிற கரடி, அன்றைக்கு அவள் வருகிற நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மருதாள் அன்று பாலம் வரைக்கும் இரண்டு மடங்கு சத்தமாகப் பேசிக்கொண்டே ஓடினாள்.

அன்று இரவு சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னாள். கயிற்றை நாளைக்கே அவிழ்க்க வேண்டும் என்றாள். கன்னையன் குழம்பைப் பிசைந்தபடி, "கயிறு கட்டுனதுக்கப்பறம் பன்னி வல்லையல்லோ. கடலை எடுக்கற வரைக்கும் கெடக்கட்டும். நீ வேணும்னா பத்து நாளைக்கு லீவு போடு" என்றார்.

லீவு போடு! ஒரு நாள் நிற்காவிட்டால் ஸ்டாப் போய்விடும் என்று அவரிடம் சொன்னது சுவருக்குச் சொன்ன மாதிரிதான் ஆயிற்று. மருதாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"இனிமேட்டு உங்ககிட்டப் பேசுனன்னா என்னை ஏன்னு கேளுங்க. உங்களப் பத்தியும் ஒரு வார்த்த பேச மாட்டேன். உங்க பேரே இந்த வாயில வராது. இது கருப்பராயன் மேல சத்தியம்."

சத்தியம் பண்ணுவதற்குமுன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கோபத்தில் யார் யோசிக்கிறார்கள்?

மறுநாள் ஐந்தேகாலுக்குப் படியிறங்கினாள். வழக்கம்போல "கேட்டீங்களா சாமி" என்று வாய் திறந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. அவரைப் பற்றிப் பேசக்கூடாது. வேறு எதைப் பேசுவது? கம்பெனியைப் பற்றி அவளுக்குக் குறையே கிடையாது. மகளைப் பற்றிச் சொல்லலாமென்றால் சம்பந்தி வீடு வரும், சம்பந்தி வீடு வந்தால் ஓட்டைப் பனியன் வரும். ஆறு வருஷமாக அந்தத் தடத்தில் அந்த ஒரு ஆளைத் தவிர வேறு பேச்சே பேசியதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நினைப்பெல்லாம் நேற்றைய சண்டையில் இருந்தது. பேசாமல் நடக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

கோயிலைத் தாண்டியதும் ஒரு சத்தம். மோட்டார் பைப்பில் காற்று இழுப்பதுபோல உர்ர் உர்ர் என்று வந்தது. மனுஷன் இன்றைக்காவது நேரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையுமான கயிறு தெரிந்தது. அதன் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, தடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது கரடி.

பத்தடிகூட இருக்காது. எண்ணெய் வாசமும் ஈரமயிர் வாசமும் கலந்து அடித்தது. கரடி கயிற்றை விட்டுவிட்டு இரண்டு காலில் எழுந்து நின்றது. நெஞ்சில் வெள்ளை வளைவு தெரிந்தது. அவளைவிட உயரம். புஸ்ஸென்று மூச்சு விட்டது.

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குரல் வரவில்லை. ஓடினால் துரத்தும், நின்றால் பிறாண்டும். கரடிக்குப் பின்னால், பாலத்தில் பஸ்ஸின் வெளிச்சம் வந்து நின்றது. முதல் ஹாரன் அடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். உயிரைவிட அந்த ஹாரனுக்குத்தான் அவளுக்கு முதலில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போது கடலைக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. யாரோ டின்னைப் போட்டு அடித்துக்கொண்டு செடியை மிதித்துத் துவைத்து ஓடி வந்தார்கள்.

"கேட்டீங்களா சாமீ! ஊருக்கெல்லாம் பனியனப் பாத்துப் பாத்து அனுப்பறேன்! என்ற ஊட்டு மனுசன் ஓட்டப் பனியனோட திரியறாருங்க! சம்பந்தி ஊட்டுக்கும் அதையே போட்டுக்கிட்டு வாராரு சாமீ! கரண்டு அஞ்சு மணிக்கே வந்துருது! மோட்டாரப் போட மாட்டாரு! சோம்பேறி! ஒரு நாளைக்கு ஒரு வார்த்த நல்லதாப் பேசுனா வாய் வெந்தா போயிரும்!"

கன்னையனின் குரல். அவளுடைய வார்த்தை. ராகம்கூடப் பிசகவில்லை.

கரடி தலையைத் திருப்பியது. பழகிய பேச்சென்று புரிந்ததோ, டின் சத்தம் பிடிக்கவில்லையோ, யார் கண்டது? பொத்தென்று நாலு காலில் இறங்கி, புதரைப் பிளந்துகொண்டு மலைப்பக்கம் போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கன்னையன் எண்ணெய் டின்னோடும் தடியோடும் நின்றார். மூச்சு வாங்கியது. பனியனில் தோள்பட்டையில் ஓட்டை இருந்தது.

"ஏம்புள்ள... ஏன் பேசுல?" என்றார். "தெனமும் மோட்டார் ரூம்புகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். பாலம் வரைக்கும் உன்ற சத்தம் போயிருச்சுன்னா அப்பறந்தான் மோட்டாரப் போடுவேன். போட்டுட்டா சத்தங் கேக்காதே. இன்னிக்கு ஒண்ணுமே கேக்குல. என்ற ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

ஆறு வருஷம். ஒருநாள் விடாமல் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, இருட்டில் ஒருத்தர் நின்றிருக்கிறார். மோட்டார் லேட்டானதற்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

"அப்ப அத்தனையுங் கேட்டீங்களா?" என்றாள். சத்தியம் அத்தோடு போயிற்று.

"கேக்காம? பாதி மனப்பாடம்" என்றார் கன்னையன். "கயித்த இப்பவே அறுத்துப் போடறேன். பன்னி தின்னாத் தின்னுட்டுப் போகுது. நீ ஓடு, வண்டி போயிரும்."

இரண்டாவது ஹாரன் அடித்தது. மருதாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ராமர் கியரைப் போட்டுவிட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தான். அவள் ஏறி முன்சீட்டில் விழுந்தாள்.

"என்னக்கா இப்படி ஓடியாறீங்க? அங்க காட்டுக்குள்ள யாருக்கா அது, டின்ன அடிச்சுக்கிட்டு அம்புட்டு வேகமா வையிறது?"

"என்ற ஊட்டுக்காரருங்க தம்பி."

"விடிஞ்சும் விடியாம யாரப் போட்டு இப்படி வையிறாரு?"

மருதாள் முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பஸ் திரும்பும்போது காட்டுக்குள் மோட்டார் ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது.

"அவரத்தானுங்க" என்றாள்.