செவ்வாய்க்கிழமைப் படம்

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஸ்கேன் சென்டரில் ஒரு படம்கூடத் தொலைந்ததில்லை. அதை நடத்தும் பெரியவர் அதைத் தன் வாயால் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அந்த நல்ல பேருக்கு ஆபத்து வந்தது. திங்களன்று எடுத்த தலை ஸ்கேன் ஒன்று பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்று அறுவை மருத்துவர் கேட்டிருந்தார். பார்த்தால் திங்கட்கிழமை ஃபோல்டரே இல்லை. படங்களைச் சேமித்து வைக்கும் சர்வரில் இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று செவ்வாய் காலை அவர் மைத்துனர் அதை அழித்திருந்தார்.

“கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா, மாப்ளே?” என்றார் பெரியவர்.

கம்ப்யூட்டர் பொறுப்பு மருமகளுடையது. “தினம் ராத்திரி சர்வர் தன்கிட்ட இருக்கிறதை அப்படியே நகல் மாதிரி ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைக்குது, மாமா. திங்கள் ராத்திரி எடுத்ததுல எல்லாம் அப்படியே இருக்கு. அந்த ஃபோல்டரை மட்டும் பிரிச்சு எடுக்கணும்னா சர்வர் கம்பெனிக்காரர் வரணும். சாயங்காலம் ஆயிடும்.”

“அவன் எதிர்த்த சென்டருக்கும் வேலை பாக்கிறவன். நாளைக்கு ஊரே சிரிக்கும். வேற வழி?”

“மொத்த சர்வரையும் திங்கள் ராத்திரி நிலைக்கே திருப்பலாம். பத்து நிமிஷம். ஆனா அதுக்கப்புறம் எடுத்த படம், ஸ்நாப்ஷாட் எல்லாம் போயிடும். திரும்ப வராது.”

மைத்துனர் முந்திக்கொண்டார். “செவ்வாய், புதன் படமெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுத்தாச்சு, அத்தான். ஒண்ணும் பாக்கியில்ல.”

யார் யார் படம் வாங்கிப் போனார்கள் என்று பதிவேட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள் மருமகள். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“திருப்பும்மா.”

பன்னிரண்டுக்குள் படம் போய்ச் சேர்ந்தது.

மூன்று மணிக்கு ஒரு ஆள் ரசீதோடு வந்தார். “செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரிக்கு வயித்து ஸ்கேன் எடுத்தது. கூட்டமா இருந்துச்சு, பிரிண்ட் போடாம அப்புறம் வாங்கிக்கலாம்னு போயிட்டோம். நேத்து குழந்தை பொறந்துச்சு. உசுரு இல்ல. அவ மயக்கத்துல இருக்கும்போதே அடக்கம் பண்ணிட்டோம். அந்தப் படத்துலயாவது ஒரே ஒரு தடவை முகத்தைப் பாக்கணுங்கிறா.”

பெரியவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

“மெஷின்ல கொஞ்சம் கோளாறுங்க,” என்றார் மைத்துனர்.

“வாயை மூடு.” பெரியவர் எழுந்து நின்றார். “மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க பேரு கெடக்கூடாதுன்னு நான்தான் அழிக்கச் சொன்னேன். உங்க படமும் அதோட போயிடுச்சு.”

வந்தவர் திட்டுவார் என்று பெரியவர் காத்து நின்றார். அவர் திட்டவில்லை.

“வேற எதுலயாவது இருக்குமா?”

“இல்ல.”

“சின்னதா இருந்தாலும் போதும்.”

“இல்லைங்க.”

வந்தவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “என்னால இதை அவகிட்ட சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லிடுங்க.”

பெரியவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவரோடு வெளியே நடந்தார்.