மார்ச் மாதத் தண்ணீர்

பஞ்சபூதங்களில் நெருப்பைத் தன் பங்காக எடுத்துக்கொண்ட ஊர் திருவண்ணாமலை. ஆனால் நெருப்பு எல்லாருக்கும் பொது; தீபத்தன்று மலையைப் பார்த்து நின்றால் போதும், பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் ஒரே பங்குதான். ஆகவே இந்த ஊரில் ஒரு மனிதனின் தராதரத்தை நிர்ணயிப்பது நீர். பம்பாயிலிருந்து திரும்பிய நாளாக, தேரடித் தெரு ஜவுளிக்கடை சீவகன் நயினார் இந்தத் தத்துவத்தைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார். சொல்லி முடித்ததும் மேஜைமேல் இருந்த கண்ணாடி பாட்டிலைத் திறந்து இரண்டு மிடறு குடிப்பார். பாட்டிலில் இருந்தது முனிசிபாலிட்டி குழாய்த் தண்ணீர்.

இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில் ஒரு மில்காரர் செலவில் பம்பாய் போனவர், தண்ணீரைக்கூட சீல் வைத்து, லேபிள் ஒட்டி, தட்டில் வைத்துக் கொண்டுவரும் ஓட்டலில் தங்கினார். நாலு நாளில் ஆறு பாட்டில்களைக் குடிக்காமல் சேர்த்து, வேட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து ரயிலேற்றினார். ஊர் வந்து பத்தே நாளில் ஆறும் தீர்ந்தன, கௌரவம் தீரவில்லை. மெட்ராசுக்கு எழுதிக் கேட்டதில், டஜனுக்குக் குறைந்து அனுப்புவதில்லை என்று பதில் வந்தது. கூடவே விலையும் வந்தது. அதற்கப்புறம் அவர் எழுதவில்லை.

வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அவர் மனைவி ராஜமதி விடியற்காலையில் குழாயில் பிடித்து, இரட்டையாக மடித்த பருத்தித் துணியில் வடித்து, கொதிக்கவைத்து, பித்தளைத் தவலையில் ஆறவிடுவாள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை வாய்க்குள் போகக்கூடாது என்பது சமணக் குடும்பங்களில் வழிவழியாக வந்த கட்டுப்பாடு. அந்தத் தவலையிலிருந்துதான் ஆறு பாட்டில்களும் தினமும் நிரம்பின. புனல் இல்லாமலே, லேபிள் நனையாமல் ஊற்றுவதில் சீவகனுக்கு நல்ல கைப்பழக்கம் வந்திருந்தது.

"தவலைல இருந்தா அது குழாத்தண்ணி. பாட்டிலுக்குள்ள பூந்தா பம்பாய் தண்ணியா?" என்பாள் ராஜமதி.

"உனுக்கு இன்னா தெரியும்? தவலை குடிக்கிறவனுக்கு. பாட்டில் பாக்கிறவனுக்கு."

பார்க்கிறவர்களில் முதல்வர் எதிர்ச் சாரி பாத்திரக்கடை அருணகிரி.

"நயினாரே, அதுல அப்படி இன்னாதான் ருசி?"

"லேசா இருக்கும். தொண்டைல எறங்கறதே தெரியாது."

"குழாத்தண்ணி எறங்கறது தெரியுமா?"

"அதுக்குக் கனம் ஜாஸ்தி."

அருணகிரி தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷன். சீவகனின் மகள் சுனந்தாவுக்குச் சேத்துப்பட்டுப் பக்கத்து இடம் ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர்தான். பையன் மெட்ராசில் இன்ஜினியர். சுனந்தா அவன் போட்டோவை ஒருதரம் வாங்கிப் பார்த்தவள், திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள். ராஜமதி கேட்கவுமில்லை. இதுவரை வந்த மூன்று இடங்களும் ஏதோ ஒரு காரணத்துக்காகத் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் சுனந்தா அழுவாள் என்பது சீவகனுக்கே தெரிந்தது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்குப் பையனின் தகப்பனார் தரணேந்திரனும் தாயார் ஜெயந்திமாலாவும் வந்தார்கள். அருணகிரியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"வந்தவங்களுக்குச் செம்புல தண்ணி குடுத்துடு. அந்தம்மா ரொம்ப நேம நிஷ்டைனு சொல்றாங்க" என்றாள் ராஜமதி சமையலறையில், மகளிடம்.

"செம்பா? இன்ஜினியர் வீட்டுக்காரங்களுக்கா?" என்று சீவகன் தாமே ஆறு பாட்டில்களையும் தட்டில் அடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

பாட்டில்கள் வரிசையாக நின்றன. சீவகன் ஒன்றைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். "பம்பாய் தண்ணிங்க. நம்ம வீட்ல எல்லாருக்குமே இதான்."

ஜெயந்திமாலா டம்ளரைத் தொடவில்லை. "இத எப்ப வடிச்சாங்க?"

"மெஷின்ல வடிக்கிறதும்மா. துணியெல்லாம் கெடையாது."

"மெஷின் இருக்கட்டும். எப்பனு கேக்கறேன்."

தரணேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைத் திருப்பினார். "மார்ச்சுனு போட்டிருக்கு."

"மார்ச்சா?" அந்த அம்மாள் விரல் மடக்கினாள். "அஞ்சு முடிஞ்சு ஆறாவது நடக்குது."

"வளைகாப்புக்கு ஒரு மாசம் கம்மி" என்றார் அருணகிரி, யாருக்கும் கேட்காது என்று நினைத்து.

"எங்க வீட்ல நேத்துத் தண்ணிய இன்னைக்குத் தொடமாட்டோம்" என்றாள் ஜெயந்திமாலா. "வடிச்சிக் காய்ச்சினாக்கூட ஒரு நாளைக்குத்தான் கணக்கு. ஆறு மாசமா அடைச்சி வெச்ச தண்ணில எத்தினி உசுரு இருக்கும்? பொண்ணும் இதத்தான் குடிச்சி வளந்துச்சா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் தண்ணீர் குடிக்காமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜெயந்திமாலா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தரணேந்திரன் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"எழுந்திரிங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊர் போயிடலாம்" என்றாள் ஜெயந்திமாலா கணவரிடம்.

சமையலறை வாசலில் ராஜமதியின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் சுனந்தாவின் முகம் பாதி தெரிந்தது. "இன்னாங்க, சொல்லுங்களேன்" என்றாள் ராஜமதி.

சீவகன் அருணகிரியைப் பார்த்தார். இந்த வாய் திறந்தால் நாளைக் காலைக்குள் தேரடித் தெரு முழுக்கக் கேட்கும். பிறகு மகளின் பாதி முகத்தைப் பார்த்தார்.

"அது வந்துங்க... தண்ணி மார்ச் இல்லீங்க. லேபிள்தான் மார்ச்."

"அப்படின்னா?"

"தண்ணி இன்னைக்குக் காலைல புடிச்சது."

"எங்க?"

"குழாய்ல."

அருணகிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் சீவகனை இவ்வளவு மரியாதையாகக் கவனித்துக் கேட்டதில்லை.

ஆனால் ஜெயந்திமாலா அசையவில்லை. "நாங்க எழுந்துட்டோமேனு சொல்றீங்க. குழாத்தண்ணிய யாராவது பாட்டில்ல ஊத்தி பம்பாய் தண்ணினு சொல்லிக்குவாங்களா?"

நாலு மாதமாகப் பொய்யைச் சொல்லி ஊரை நம்பவைத்தவருக்கு, உண்மையைச் சொல்லி ஒரு அம்மாளை நம்பவைக்க முடியவில்லை. "சத்தியமா குழாத்தண்ணிங்க!" என்றார், கிட்டத்தட்ட கெஞ்சி. "இந்த ஆறும் குழாத்தண்ணிதாங்க. ஏப்ரல்லருந்தே குழாத்தண்ணிதாங்க!"

ராஜமதி தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். வடித்த துணி அதன் கழுத்தில் கட்டியபடி இருந்தது. ஜெயந்திமாலா துணியை விரல்களுக்கு நடுவில் வைத்து மடிப்பைப் பார்த்தாள். "யார் வடிச்சது?"

"நான் வடிச்சேன்" என்றாள் சுனந்தா. "இன்னைக்கு நான்தான். கொதிக்க வெச்சி ஆத்தினேன்."

"துணில நின்னத இன்னா பண்ணே?"

"அலசி, கொஞ்சம் தண்ணியோட கெணத்துல விட்டுட்டேன்."

ஜெயந்திமாலாவின் முகம் அன்று முதல் தடவையாக இளகியது. தண்ணீரோடு வந்த உயிர்களைத் தண்ணீரிலேயே சேர்ப்பதுதான் முறை. இந்தக் காலத்துப் பெண்களில் பாதிப் பேர் சாக்கடையில் உதறிவிடுகிறார்கள்.

தரணேந்திரன் மட்டும் விடவில்லை. ரிட்டயர்டு கணக்குப் பிள்ளை. "தவலைல இருக்கிறது சரி. பாட்டில் வாய் இத்தினூண்டு இருக்குது. லேபிள்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. எப்படி உள்ள போச்சி?"

"புனல் வெச்சி ஊத்தினதுங்க" என்றார் சீவகன். "சுனந்தா, அந்தப் புனல எடுத்தா."

புனல் வந்தது. தரணேந்திரன் வாங்கி ஒரு பாட்டிலில் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. தலையாட்டிவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், உடனே தள்ளிப் பிடித்தாள், சுனந்தாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தவலைலருந்தே மொண்டு குடும்மா" என்றாள்.

சுனந்தா செம்பில் மொண்டு கொடுத்தாள். இருவரும் குடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அருணகிரி தமக்கும் ஒரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கனம் ஜாஸ்தியாக இல்லை என்றார்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு புனல், ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல்.