பூசைக்குக் குளித்த டிராக்டர்

ஆயுத பூசைக்கு முதல் நாள் தனலெட்சுமி டிராக்டரை மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தையல் மெஷின் என்று எல்லாவற்றையும் கழுவிச் சாமி முன்னால் வைக்கிற தேயிலைத் தோட்டத்தில், ஒரு காலத்தில் கொழுந்து மூட்டை இழுத்த டிராக்டரை மட்டும் அழுக்கோடு நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினாள். லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் விசாலாட்சி துடைப்பத்தால் தேய்த்தாள். டீசல் டேங்குக்கு மூடி கிடையாது. அது எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், பழந்துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அந்தத் துணியின் மேல் நுரை வழிந்ததை இருவருமே பார்த்தார்கள், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. சந்தனப் பொட்டை லைட்டுக்கு மேலே வைப்பதா, பானெட்டின் நடுவில் வைப்பதா என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை.

அந்த டிராக்டரை நம்பித்தான் பத்தொன்பது குடும்பம் இருந்தது. கம்பெனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தது. தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த மூன்று ஏக்கர் சமதரையைக் காய்கறி போடக் கொடுங்கள் என்று பெண்கள் சங்கம் கேட்டது. சங்கத் தலைவி தனலெட்சுமிதான். ஹல்துமுல்லைப் பக்கத்துச் சரிவில் சமதரை கிடைப்பதே அபூர்வம். ஒரு மாதமாக, தோட்டத்து வேலை முடிந்து வந்த கையோடு, எல்லோருமாகப் புல்லை வெட்டித் தேயிலை வேரைத் தோண்டிக் குவித்தார்கள். உழ என்ன செய்வீர்கள் என்று கேட்ட உதவி மேனேஜர் சின்னத்துரை, ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த டிராக்டரையும் கலப்பையையும் கைகாட்டினார்.

"பூச முடிஞ்சு வர்ற திங்கக்கெழம காலையில டர்பன்டைன் மரக்கன்னு லொறி வருது. நான் வர்ற நேரம் உழவு ஓடிக்கிட்டு இருந்தா நெலம் ஒங்களுக்கு. இல்லாட்டி கன்ன எறக்கி நட்டுருவேன்."

ஓடாத வண்டியைக் கொடுத்து ஓட்டிக் காட்டு என்றால் அதற்குப் பேர் கொடுப்பதா? ஆனாலும் தனலெட்சுமி வாங்கிக்கொண்டாள்.

தோட்டத்து டிரைவராக இருந்த லிங்கம் அதைத் தட்டிக்கொட்டி ஓட வைத்தான். உழவும் நான்தான் ஓட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தான். கூடவே நின்ற தனலெட்சுமி, எண்ணெய்க் குச்சியைத் துடைத்துப் பார்ப்பதையும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதையும், மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்பதையும் பழகிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவனைக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஏறி ஓட்டினாள். வண்டியில் பேட்டரி கிடையாது. மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வேண்டும்போது கல்லை எடுத்து உருளவிட்டுத்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும்.

"சமதரையில மட்டும் நிப்பாட்டிராத தனம். அப்புறம் தெய்வம் வந்தாலும் கெளப்ப முடியாது" என்று லிங்கம் சொல்லியிருந்தான். சொன்னவன், பூசையன்று காலையிலேயே பதுளையில் லொறி ஓட்டும் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

போனால் போகட்டும் என்று மறுநாள் வெள்ளிக்கிழமை தனலெட்சுமியே ஏறி உட்கார்ந்தாள். கல்லை எடுத்தார்கள். வண்டி உருண்டது, இருமியது, கிளம்பியது. லயமே கைதட்டியது. நாலு நிமிசம்தான். வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு, நிலத்து வாசலிலேயே செத்து நின்றது.

"கண்ணூறுதான். கைதட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் விசாலாட்சி. பொம்பளை ஏறினால் இப்படித்தான் என்று பின்னாலிருந்து ஓர் ஆம்பளைக் குரல் வந்தது. போனில் லிங்கம், "எஞ்சின் போயிருச்சு போல, விட்டுருங்க" என்றான்.

விடுவதற்கா ஒரு மாதம் வேர் தோண்டினோம்? சனிக்கிழமை காலை, டீசல் பில்டரைக் கழற்றிச் சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு பெரகலச் சந்திக்குப் பஸ் ஏறினாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை றில்வான் முதலில், "இரும்பு வெலைக்கு நானே எடுக்கிறேன் அக்கா" என்றான். பிறகு பில்டரைக் கவிழ்த்துப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. டீசல்ல தண்ணி. யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

தனலெட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. "மழ பேஞ்சுச்சு தம்பி" என்று வாய் தானாகப் பொய் சொன்னது. புது பில்டரை வாங்கிக்கொண்டு, எதைத் திறப்பது, எதை அமுக்குவது என்று இரண்டு தரம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டேங்கின் அடிக்குழாயைத் திறந்தாள். முதலில் வந்தது டீசல் அல்ல, ஷாம்பு வாசம் அடிக்கிற தண்ணீர். அதற்குமேல் மழை பெய்தது என்று யாரிடம் சொல்வது? டேங்கை முழுக்க வடித்துத் துடைத்தாள். வடித்த டீசலை வாளியில் தெளியவிட்டு, மேலாக எடுத்துத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றினாள். புது பில்டரைப் பூட்டி, மேலிருந்த திருகைத் தளர்த்தி, பக்கத்துச் சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்கி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ஆரம்பித்தாள். நுரை வந்தது, பிறகு குமிழி வந்தது. குமிழி அடங்கும்வரை அமுக்கியதில் விரல் தோலுரிந்தது. தெளிந்த டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினாள்.

இனி வண்டி மேட்டுக்குப் போக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். கண்ணூறு பட்ட வண்டியை இழுக்கக் கயிற்றைத் தொட யாருக்கும் விருப்பமில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் தன் மானம் பிழைக்கும், நிலம் போய்விடும் என்பது தனலெட்சுமிக்குத் தெரிந்தது.

"கண்ணூறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் கழுவுறேன்னு டேங்குக்குள்ள தண்ணி ஊத்திப்புட்டேன். தப்பு என் மேல. ஏசுறவங்க ஏசிக்கங்க. ஏசிக்கிட்டே இழுங்க."

விசாலாட்சி அவளை முறைத்தாள். "தேச்சது நான்தானே, அதையும் சொல்லித் தொலையேன்" என்று கயிற்றைப் பிடித்தாள். ஏசிக்கொண்டேதான் இழுத்தார்கள். பத்தடிக்கு ஒருதரம் சக்கரத்துக்குக் கல் வைத்து, பொழுது சாய்வதற்குள் டிராக்டரை மேட்டில் ஏற்றினார்கள்.

திங்கட்கிழமை கல்லை எடுத்தபோது ஒருத்தியும் கைதட்டவில்லை. உருண்டது. கிளட்சை விட்டாள். ஒரு குலுக்கு, கறுப்புப் புகை, அப்புறம் எஞ்சின் கடகடவென்று பிடித்துக்கொண்டது. நிலத்தில் இறங்கிக் கலப்பையைத் தாழ்த்தினாள். முதல் சால் கோணல், இரண்டாவது அதைவிடக் கோணல், மூன்றாவது பரவாயில்லை.

ஐந்தாவது சாலில் ஜீப் வந்தது, பின்னால் லொறி. நிலத்துக் கரையில் நின்ற பெண்கள் தலைத்துணியை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். துரை வந்தால் வேலையை நிறுத்தி இறங்கி நிற்பதுதான் தோட்டத்து வழக்கம். சின்னத்துரை கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தனலெட்சுமியின் கால் தன்பாட்டுக்குக் கிளட்சுக்குப் போனது. முப்பது வருசத்துப் பழக்கம் சும்மா விடுமா? போன காலை அவள் திரும்ப எடுத்தாள்.

"நிப்பாட்டு! எறங்கி வா!" என்று கத்தினார் அவர்.

"முடியாதுங்க தொரை! இது சமதர, நிப்பாட்டினா கெளம்பாது! நீங்க உள்ள வாங்க, பேசிக்கிட்டே போவோம்!"

சின்னத்துரை லொறியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு பளபளக்கும் சப்பாத்தோடு உழுத மண்ணில் இறங்கி, புதைந்து புதைந்து, டிராக்டருக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். ஒரு சால் முழுக்க நடந்தார்.

"என்ன போடப் போறீங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"போஞ்சியும் கறி மொளகாயும்ங்க."

அவர் தலையாட்டிவிட்டு, லொறிக்காரனைத் திருப்பிக்கொண்டு போகும்படி கைகாட்டினார். தனலெட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அழுதுகொண்டே வண்டியைத் திருப்பி அடுத்த சாலில் இறக்கினாள்.